ஒமர் விக்டர் டியோப்: தன்னையே படமெடுத்துப் புலம்பெயர்வைச் சொல்ல முடியுமா?

தறியோரம் எழுதியது:

செனகல் நாட்டு ஒமர் விக்டர் டியோப் பற்றி இங்கே இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். 1980-ல் டாக்காரில் பிறந்தவர். நிதி படித்துவிட்டு, பெரிய நிறுவனங்களில் தொடர்புத் துறையில் வேலை பார்த்தவர். புகைப்படப் பள்ளிக்குப் போனதில்லை. கேமராவைத் தானாகக் கற்றுக்கொண்டார். 2011-ல் மாலி நாட்டின் பமாகோ புகைப்பட விழாவில் இவருடைய படங்கள் கவனம் பெற்றன. குப்பைக்குப் போகும் பொருள்களில் செய்த உடைகளை மாட்டிய மாடல்கள், நூறாண்டு கழித்து ஃபேஷன் எப்படி இருக்கும் என்ற கற்பனை. அப்புறம் வேலையை விட்டுவிட்டார்.

நான் பேச வந்தது 2014-ல் வந்த 'டயஸ்போரா' (புலம்பெயர்ந்தோர்) வரிசை பற்றி. ஸ்பெயினின் மலகா நகரில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது தொடங்கியது. ஐரோப்பாவிலும் பிற இடங்களிலும் சில நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆப்பிரிக்கர்களின் பழைய ஓவியங்களை எடுத்துக்கொண்டு, அந்த ஆளாகத் தானே உடுத்தி, அதே தோரணையில் உட்கார்ந்து எடுத்த படங்கள். பட்டும் சரிகையும் பூப்போட்ட பின்னணியுமாக அப்படியே பழைய ஓவியம். ஆனால் எங்காவது ஒரு பந்து, கோல்கீப்பர் கையுறை, நடுவரின் விசில் என்று கால்பந்து மைதானத்துச் சாமான் ஒன்று உள்ளே நுழைந்திருக்கும்.

என் கேள்வி: புலம்பெயர்வு என்றாலே படகையும், ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டையையும், கரையில் ஒதுங்கிய உடலையும் காட்டும் படங்களுக்கு நடுவே, ஒரு மனிதர் ஸ்டுடியோவுக்குள் நின்று தன் முகத்தை வைத்து அதைப் பேச முடியுமா? முடியும் என்பது என் கட்சி. எதிர்க்கட்சியையும் கேட்க ஆசை.

கடைசிபெஞ்ச் எழுதியது:

எதிர்க்கட்சி ஆஜர். படங்களைப் பார்த்தேன். அழகு, மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? செனகல் கரையிலிருந்து மரப்படகில் ஸ்பெயினின் கனரித் தீவுகளுக்குப் போகிறவன் முகம் இதில் எங்கே? 2006-ல் மட்டும் 31,000-க்கு மேற்பட்டவர்கள் அந்தத் தீவுகளில் போய்ச் சேர்ந்தார்கள். 2024-ல் 46,000-ஐத் தாண்டியது. கடலில் போனவர்களுக்குக் கணக்கே கிடையாது. 'பார்சிலோனா, இல்லையென்றால் மறுமை' என்று சொல்லிவிட்டு ஏறினார்கள் அந்தப் பையன்கள். இவரோ நல்ல வேலையை விட்டுவிட்டு, விமானத்தில் போய், கலைஞர்களுக்கான தங்குமிடத்தில் இருந்து படமெடுத்தவர். புலம்பெயர்வைப் பேச இவர் யார்?

தறியோரம் எழுதியது:

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். பார்சிலோனா! அந்தப் பையன்களில் பலருக்கு அந்தப் பெயர் ஒரு ஊர் என்பதைவிட ஒரு கால்பந்து அணி. பந்து அந்தப் படங்களுக்குள் வந்ததற்குக் காரணம் அதுதான். அதே பார்சிலோனா அணியில் ஆடிய கேமரூன்காரர் சாமுவேல் எட்டோ, 2006 பிப்ரவரியில் சரகோசா மைதானத்தில் கூட்டம் குரங்குச் சத்தம் போட்டதால் ஆட்டத்தை விட்டே வெளியேறக் கிளம்பினார். டியோப் படமெடுத்த 2014-லேயே வியாரியல் மைதானத்தில் டானி ஆல்வெஸ் மீது வாழைப்பழம் எறிந்தார்கள். 2023-ல் வலென்சியாவில் பிரேசில் வீரர் வினீசியஸுக்கும் அதே வசை. கோல் போட்டால் தலையில் வைத்து ஆடுவார்கள், ஒரு பாஸ் தவறினால் 'உன் ஊருக்குப் போ'. பழைய ஓவியங்களில் இருக்கும் ஆட்களுக்கும் இதே கதிதான் நடந்தது. அரண்மனையில் செல்லம், ஆனால் எப்போதும் வெளியாள். டியோப் பந்தை வைத்து இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்.

நூலகப்பூனை எழுதியது:

மாறுவேடம் என்றவருக்காக, அந்த ஆட்கள் யார் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஆட்களைத் தெரிந்துகொண்டால் படம் வேறு மாதிரித் தெரியும்.

ழான் பாப்திஸ்த் பெல்லே. டாக்காருக்கு எதிரே, கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கும் கோரே தீவில் பிறந்தவர். குழந்தையிலேயே அடிமையாக இன்றைய ஹைட்டிக்குக் கொண்டுபோகப்பட்டார். உழைத்துச் சேர்த்த காசில் தன் விடுதலையைத் தானே வாங்கினார். 1793-ல் பிரெஞ்சுப் புரட்சி மன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1794 பிப்ரவரியில் அந்த மன்றம் அடிமை முறையை ஒழித்தபோது அதில் உறுப்பினர். 1797-ல் ஜிரோதே அவரை வரைந்தார். மூவண்ண இடுப்புக் கச்சையோடு ஒரு தத்துவவாதியின் சலவைக்கல் சிலையில் சாய்ந்து நிற்கும் புகழ்பெற்ற ஓவியம். 1802-ல் நெப்போலியன் அடிமை முறையைத் திரும்பக் கொண்டுவந்தான். பெல்லே 1805-ல் காவலில் இறந்தார். பெல்லேயாக நிற்கும் டியோப்பின் ஊர் அந்தத் தீவுக்கு நேரெதிர்க் கரை.

ஆஞ்சலோ சோலிமன். வியன்னாவில் இளவரசர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர், கற்றவர், மொசார்ட்டும் உறுப்பினராக இருந்த அதே ஃப்ரீமேசன் என்ற சகோதர சங்க வட்டத்தைச் சேர்ந்தவர். 1796-ல் இறந்ததும் என்ன செய்தார்கள் தெரியுமா? தோலை உரித்து, உள்ளே பொதிந்து, இறகும் சிப்பி மாலையும் மாட்டி, பேரரசரின் இயற்கைப் பொருள் காட்சியகத்தில் நிறுத்தினார்கள். மகள் உடலைக் கேட்டுப் போராடினாள், கொடுக்கவில்லை. 1848 கலகத்தில் அது எரிந்துபோனது. அந்த மனிதரைத் திரும்பக் கால்சட்டையும் கோட்டும் போட்டு உட்காரவைக்கிறார் டியோப்.

ஹுவான் டி பரேஹா. ஓவியர் வெலாஸ்கெஸ் வீட்டில் அடிமை. 1650-ல் ரோம் நகரில் வெலாஸ்கெஸ் அவரை வரைந்த படம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு அவர் விடுதலைப் பத்திரத்திலும் கையெழுத்தானது. பலர் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பரேஹாவும் ஓவியர். 1661-ல் அவர் வரைந்த புனித மத்தேயு ஓவியம் மாட்ரிட் பிராதோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் இடது ஓரத்தில், கையில் தன் பெயர் எழுதிய தாளோடு, நம்மையே பார்த்தபடி நிற்கிறார் பரேஹா. பிறர் தன்னை வரைந்தது போதாது என்று தோன்றியிருக்கிறது அவருக்கு. சுயப்படம் என்ற வழி இவர்களுக்குப் புதிதில்லை, கடைசிபெஞ்ச் ஐயா.

கடைசிபெஞ்ச் எழுதியது:

பூனையாரே, சோலிமன் கதை தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. நன்றி என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் நன்றி.

என் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. வரலாறு பெரியது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு ஏன் எல்லாப் படத்திலும் அவர் முகம்? நடிகர்களை வைக்கலாமே. இன்று ஐரோப்பாவில் தெருவில் பை விற்கும் செனகல் பையனை பெல்லேயாக நிறுத்தியிருந்தால் எனக்கு ஒரு வார்த்தை பேச வந்திருக்காது.

வெளிச்சக்காரன் எழுதியது:

கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்கிறேன்.

தெருவில் நிற்கும் பையனைக் கூப்பிட்டு, உடை மாட்டி, இப்படி நில், அப்படிப் பார் என்று சொல்லி நான் எடுத்தால், அந்தப் படம் யாருடையது? என்னுடையது. அவன் அதில் ஒரு சாமான். ஐரோப்பிய ஓவியர்களும் அதைத்தான் செய்தார்கள். டியோப் தன்னை நிறுத்தும்போது, பார்க்கப்படுகிறவரும் பார்க்கிறவரும் ஒரே ஆள். படம் பிடிக்கவில்லையா, திட்டு அவருக்கே போய்ச் சேரும். பெயர் தெரியாத ஒரு பையன் முகம் யாரோ ஒருவர் வரவேற்பறையில் தொங்காது. எல்லையில் காகிதத்தைவிட முதலில் பார்க்கப்படுவது முகமும் தோலும்தானே? அதைக் கடன் வாங்காமல் தன்னிடம் இருப்பதை வைக்கிறார்.

இன்னொன்று, இதை அவர் தனியாளாகக் கண்டுபிடிக்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் ஸ்டுடியோ என்பது பெரிய மரபு. டாக்காரில் மாமா காசே, பமாகோவில் செய்தூ கெய்தா. கெய்தாவும் பள்ளிக்குப் போய்ப் படமெடுக்கக் கற்றவரில்லை. தச்சு வேலை செய்த வீட்டுப் பிள்ளை. 1948-ல் ஸ்டுடியோ திறந்தார். அவர் ஸ்டுடியோவில் கோட்டு, கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் எல்லாம் இருக்கும். வருகிறவர் தான் யாராக ஆக நினைக்கிறாரோ அப்படி நின்று எடுத்துக்கொண்டு போவார். பின்னணிக்குப் பூப்போட்ட துணி. டியோப்பின் பின்னணிகளைத் திரும்பப் பாருங்கள், கெய்தாவின் துணிகள் அங்கே இருக்கின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்தவர் சாமுவேல் ஃபோஸ்ஸோ. 1962-ல் கேமரூனில் பிறந்தவர். நைஜீரியாவில் தாய்வழிப் பாட்டி வீட்டில் வளரும்போது பியாஃப்ரா போர், அதாவது நைஜீரிய உள்நாட்டுப் போர். தாய் இறந்துவிட்டார். போர் முடிந்தபின் மாமா ஒருவர் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் தலைநகர் பாங்கிக்கு அழைத்துப் போகிறார். செருப்புத் தொழிலில் உதவி. பக்கத்து ஸ்டுடியோவில் சில மாதங்கள் தொழில் பழகி, 1975-ல் சொந்த ஸ்டுடியோ. வயது 13! பகலில் வாடிக்கையாளர் படம். இரவில், ரோலில் மிச்சமிருக்கும் ஃபிலிமை வீணாக்காமல் தன்னைத்தானே எடுத்துக்கொள்வார். உயரக் குதிகால் பூட்ஸ், இறுக்கமான கால்சட்டை, பெரிய கண்ணாடி. அந்தப் படங்களை நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு அனுப்பினார், நான் உயிரோடு நன்றாக இருக்கிறேன் என்று காட்ட.

கடைசிபெஞ்ச் அண்ணே, புலம்பெயர்ந்த பிள்ளை ஊருக்கு அனுப்பும் படத்தைவிடப் புலம்பெயர்வுப் படம் வேறென்ன இருக்கிறது?

கடைசிபெஞ்ச் எழுதியது:

ஃபோஸ்ஸோவுக்கு என் ஓட்டு. இப்போதே போட்டுவிட்டேன். அது தேவையிலிருந்து வந்தது. டியோப்புடையது யோசனையிலிருந்து வந்தது. இந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

லாசப்பல்_வாசி எழுதியது:

பாரிசில் இருந்து எழுதுகிறேன். ஃபோஸ்ஸோ கதை வந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்க வேணும். அவர் 1997-ல் எடுத்த வண்ணப்பட வரிசை தாத்தி என்ற கடைக்காகச் செய்தது. பார்பேஸ் மெட்ரோ வாசலில் ரோசாக் கட்டம் போட்ட பையோடு இருந்த மலிவுக் கடை. எங்கட லாசப்பல் கடைத் தெருவுக்கு ஒரு மெட்ரோ தரிப்பிடம் தள்ளி. மாலிக்காரர், அல்ஜீரியர், ஈழத்தில் இருந்து வந்த நாங்கள் எல்லாரும் அங்கேதான் முதல் குளிர்கால ஜாக்கெட் வாங்கினோம். ஊருக்குப் போறவர் எல்லாரிடமும் அந்தக் கட்டம் போட்ட பை இருக்கும். கடையைத் தொடங்கியவரும் துனீசியாவில் இருந்து வந்த யூதர்தான். 2021-ல் பார்பேஸ் கடையை மூடிப்போட்டார்கள்.

அந்த வரிசையில் ஃபோஸ்ஸோ கடற்கொள்ளைக்காரன், மாலுமி, அமெரிக்கப் பெண் என்று பல வேடம் போட்டார். எல்லாருக்கும் தெரிஞ்சது அந்தத் தலைவர் படம். சிறுத்தைத் தோல், கழுத்து நிறைய நகை, கறுப்புக் கண்ணாடி, கையில் சூரியகாந்திப் பூ. தலைப்பு, ஆப்பிரிக்காவைக் காலனிக்காரருக்கு விற்ற தலைவர். சிரிப்பு வரும், பிறகு வாயை மூடிக்கொள்வோம். ஒரு மலிவுக் கடையின் விளம்பரக் காசில் இப்படி ஒரு குத்து. தேவை, யோசனை என்று இரண்டாகப் பிரித்துக் கதைக்கிறது ஃபோஸ்ஸோவிலேயே உடைஞ்சு போகுது பாருங்கோ. பாட்டிக்கு அனுப்பிய பையன்தான் இதையும் செய்தவர்.

2008-ல் 'ஆப்பிரிக்க ஆவிகள்' என்று இன்னொரு வரிசை. லுமும்பா, மால்கம் எக்ஸ், ஆஞ்சலா டேவிஸ், ஹெய்லி செலாசி என்று எல்லாராயும் தானே நின்றார். டியோப் வருவதற்கு ஆறு வருசம் முன்னமே. 2014-ல் பாங்கியில் சண்டை வந்து அவருடைய வீட்டைச் சூறையாடினபோது, நெகட்டிவ்கள் தெருவில் சிதறிக் கிடந்தன. செய்திக்காக அங்கே போயிருந்த வெளிநாட்டுப் புகைப்படக்காரர்களும் மனித உரிமைப் பணியாளரும் கண்டு பொறுக்கி எடுத்துத் தந்ததால் ஒரு பகுதி தப்பியது. திரும்பவும் அகதி. 2023-ல் டாய்ச்ச பூர்ஸ என்ற புகைப்படப் பரிசு கிடைத்தது.

மேகலை எழுதியது:

இழையைப் படித்துக்கொண்டே வருகிறேன், ஒருவர்கூட மாலிக் அம்பரைச் சொல்லவில்லையே! டியோப்பின் வரிசையில் இந்தியாவில் வாழ்ந்த இருவர் இருக்கிறார்கள். ஒருவர் பிஜப்பூரின் இக்லாஸ் கான். இன்னொருவர் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் 1548 வாக்கில் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, பாக்தாத் வழியாகத் தக்காணம் வந்து, அகமதுநகர் அரசையே நடத்தியவர். பிற்பாடு ஔரங்காபாத் ஆன கட்கி நகரை உருவாக்கியதும் அவர்தான். ஜஹாங்கீரால் அவரை உயிரோடு இருந்தவரை அடக்க முடியவில்லை. அந்த ஆத்திரத்துக்கு என்ன செய்தார் பேரரசர்? அம்பரின் வெட்டுண்ட தலை ஈட்டி முனையில் இருப்பதுபோலவும், தான் உருண்டைமேல் நின்று அதன்மேல் அம்பு விடுவதுபோலவும் தன் அரசவை ஓவியர் அபுல் ஹசனை வைத்து ஓவியம் வரைந்துகொண்டார். களத்தில் நடக்காததைத் தாளில் நடத்திக்கொண்டார். டப்ளினில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது.

இதை நினைத்துக்கொண்டு, டியோப் அம்பராக முழுத் தலையோடு நிமிர்ந்து நிற்கும் படத்தைப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு படம் போதும். புலம்பெயர்வு என்றால் தெற்கிலிருந்து வடக்கே போவது மட்டும்தான் என்று நாம் பழகிவிட்டோம். ஆப்பிரிக்கர்கள் கிழக்கேயும் வந்தார்கள், ஆண்டார்கள். நம் பாடப் புத்தகத்தில் அம்பர் எத்தனை வரி?

கடைசிபெஞ்ச் எழுதியது:

என் புத்தகத்தில் அரை வரி. முகலாயருக்குத் தொந்தரவு கொடுத்தவர் என்று.

புதுக்கேமரா எழுதியது:

அண்ணன்களே அக்காக்களே, விவாதத்துக்கு நடுவில் சின்னச் சந்தேகம். நானும் தானாகக் கற்றுக்கொள்கிறவன். முக்காலி, ரிமோட் வைத்து என்னையே எடுத்துப் பார்க்கிறேன். நான் நல்ல கறுப்பு. படத்தில் ஒன்று சாம்பல் பூசினதுபோல வருகிறது, இல்லாவிட்டால் கண்ணும் பல்லும் மட்டும் தெரிகிறது. இவர்கள் படத்தில் மட்டும் தோல் எப்படி இப்படி மின்னுகிறது?

வெளிச்சக்காரன் எழுதியது:

தம்பி, தப்பு உன் தோலில் இல்லை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். சட்டம் முழுக்கக் கறுத்த முகம் என்றால் அளவுக்கு மீறி வெளுப்பாக்கும், அதுதான் சாம்பல். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் அதைப் பார்த்து ஏமாந்து முகத்தை இருட்டாக்கும். அதனால் ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கன்னத்தை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) குறைத்து வை. விளக்கை நேர் முன்னால் வைக்காதே, நெற்றியில் பளிச்சென்று அடிக்கும். பெரிய மெல்லிய ஒளி, பக்கவாட்டில். ஜன்னலும் ஒரு வெள்ளை வேட்டித் திரையும் போதும். கறுத்த தோலில் உருவத்தைக் காட்டுவது அதன்மேல் ஓடும் மினுமினுப்புதான், வெளிச்சத்தின் அளவு இல்லை. பின்னணி நிறம் தோலிலிருந்து விலகி இருக்கட்டும். டியோப்பின் பின்னணிகள் தோல் நிறத்தோடு ஒட்டாமல் நிற்பதைக் கவனி.

இதற்குப் பின்னால் ஒரு வரலாறும் உண்டு. ஃபிலிம் காலத்தில் லேப்களில் நிறம் சரிபார்க்க ஷெர்லி அட்டை என்று ஒன்று இருந்தது. கோடாக் அனுப்பும் அட்டை, அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கறுத்த தோல் இருட்டாக வந்தால் யாருக்கும் கவலையில்லை. ஃபிலிமில் பழுப்பு நிறங்களை மேம்படுத்த கோடாக்கை அசைத்தது, சாக்லேட் கம்பெனிகளும் மரச்சாமான் கம்பெனிகளும் எங்கள் பொருள் சரியாகத் தெரியவில்லை என்று போட்ட சண்டை. மனிதர்களின் புகார் அந்த அளவுக்கு எடுபடவில்லை!

தறியோரம் எழுதியது:

வெளிச்சக்காரன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தென்னாப்பிரிக்காவின் ஜனெலே முஹோலி இதை நேரே எதிர்கொள்கிறார். 2012 முதல் எடுத்த கறுப்பு வெள்ளைச் சுயப்படங்களில், கான்ட்ராஸ்ட்டைக் கூட்டித் தன் தோலை உள்ளதைவிடக் கறுப்பாக்குகிறார். வீட்டு வேலை செய்த தாய் பெஸ்டர் நினைவாக எடுத்த படத்தில் துணி மாட்டும் கிளிப்புகளைத் தலையில் கிரீடமாக வைத்து, காதிலும் மாட்டியிருக்கிறார். முஹோலி ஜோஹன்னஸ்பர்க்கில் முறையாகப் படித்தவர், அதனால் இந்த இழையின் தானாகக் கற்ற கணக்கில் வரமாட்டார். ஆனாலும் சேர்ந்து பார்க்க வேண்டியவர்.

நூலகப்பூனை எழுதியது:

டியோப்பின் அடுத்த வேலையைச் சொல்லாமல் விட்டால் கடைசிபெஞ்ச்சின் குறை அப்படியே நிற்கும். 2016-ல் 'லிபர்ட்டி'. கறுப்பின மக்களின் எதிர்ப்புகளின் வரலாறு. 1929-ல் நைஜீரியாவின் அபா பெண்கள் கலகம், 1976 சோவெட்டோ மாணவர்கள், 2012-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினப் பையன் டிரேவான் மார்ட்டின். பல படங்களில் அவரே இரண்டு பேராக, மூன்று பேராக நிற்கிறார்.

அதில் தியாரோயே படம் எனக்கு முக்கியம். டாக்காருக்குப் பக்கத்து ராணுவ முகாம். இரண்டாம் உலகப் போரில் பிரான்சுக்காகச் சண்டை போட்டு, ஜெர்மன் சிறைகளில் கிடந்து ஊர் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், பாக்கிச் சம்பளத்தைக் கேட்டார்கள். 1944 டிசம்பர் 1 அதிகாலை பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டது. செத்தவர் 35 என்று ஒரு கணக்கு, 70 என்று ஒரு கணக்கு. நூற்றுக்கணக்கில் என்கிற வரலாற்றாய்வாளர்களும் உண்டு. படுகொலை என்ற சொல்லைப் பிரெஞ்சு அதிபர் எழுத 2024 ஆனது. இவர்களும் புலம்பெயர்ந்து திரும்பியவர்கள்தான். அவர்களுக்கு ஸ்டுடியோ படம் எடுத்துவைக்க யாரும் இல்லை.

கடைசிபெஞ்ச் எழுதியது:

'லிபர்ட்டி'யை இப்போதுதான் முழுக்கப் பார்த்தேன். என் கருத்து இன்னும் கலவைதான். தியாரோயே படத்துக்குத் தலை வணங்குகிறேன். டிரேவான் மார்ட்டின் படத்தில் எனக்குக் கஷ்டம். 17 வயதுப் பையன், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள், துணி மடிப்புக்கூடக் கலையாத அழகோடு அவன் சாவை நிறுத்துவது ஒப்பவில்லை. முந்நூறு ஆண்டு பழைய ஆளுக்கு அந்த அழகு மரியாதை. இவனுக்கு அது தூரம்.

மேகலை எழுதியது:

இதில் உங்களோடு நிற்கிறேன், முதல் தடவையாக. ஆனால் காரணம் வேறு. செய்திகளில் அந்தப் பையனுடைய சொந்தப் படங்களே நிறைய இருந்தன. பெல்லேக்கும் அம்பருக்கும் பிறர் வரைந்தது மட்டுமே மிஞ்சியதால் டியோப் உள்ளே போக இடம் இருந்தது. படம் ஏற்கெனவே இருக்கும் இடத்தில் அவர் எதற்கு?

தறியோரம் எழுதியது:

மேகலை சொன்ன இடத்தில்தான் 2023-ல் வந்த 'பீயிங் தேர்' வருகிறது. லீ ஷுல்மன் என்பவர் பழைய அமெரிக்க, ஐரோப்பியக் குடும்ப ஸ்லைடுகளைச் சேகரிக்கிறவர். அதிலிருந்து 1950, 60-களின் வெள்ளை நடுத்தரக் குடும்பங்களின் விருந்து, கடற்கரை, கிறிஸ்துமஸ் படங்களை எடுத்தார்கள். கேமராவைப் பிடித்தவர் எழுந்துபோனதால் பல படங்களில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அந்தக் காலி இடத்தில் டியோப், அக்காலத்து உடையில், மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டு! பல ஊர்களில் கறுப்பர்கள் அந்தச் சாப்பாட்டுக் கடைகளுக்குள்ளேயே நுழைய முடியாத காலம் அது. இதில் பட்டு இல்லை, சரிகை இல்லை. கடைசிபெஞ்ச்சுக்குப் பிடிக்கக்கூடும்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

தேடிப் பார்த்தேன். நான்கைந்து படங்கள் கிடைத்தன. ஏரிக்கரைப் படகுப் படம் பார்த்துச் சிரித்துவிட்டேன், சிரித்தபின் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சரி, டியோப்புக்கு அரை ஓட்டு. மீதி அரை, கனரித் தீவுக்குப் போன பையன் ஒருவன் தானே கேமராவைத் திருப்பி எடுக்கும் நாளில்.

புதுக்கேமரா எழுதியது:

வேட்டித் திரை வேலை செய்கிறது அண்ணா! பின்னணிக்கு அம்மாவின் சுங்குடிப் புடவை. படத்தை விமர்சனப் பகுதியில் போட்டிருக்கிறேன், திட்டுங்கள்.